கேட்பவர் முகத்தை மூடிக்கொள்ளும்போது: கிரேக்கத் தொன்மங்களைத் தனியாளாகச் சொல்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

கிரேக்கத் தொன்மங்களைத் தனி ஒருவராக மேடையில் நின்று சொல்லும் எங்களை நிகழ்ச்சிக்கு அழைப்பவர்கள் பொதுவாக இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு நேரம் ஆகும், எந்த வகை மைக் வேண்டும். கதைக்குள் என்ன நடக்கிறது என்று விசாரிப்பவர்கள் அரிது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கதை, தேவர்களும் பூதங்களும் வந்து போகிற கதை, அதில் யாருக்கு என்ன வலிக்கப் போகிறது என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் போரில் மகனைப் பறிகொடுத்த தந்தை, பட்டப்பகலில் கடத்தப்பட்ட பெண், பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொன்ற தாய் ஆகியோரை எடுத்துவிட்டால் கிரேக்கத் தொன்மத்தில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு இவற்றில் எது சொந்த அனுபவம் என்பது, சொல்பவருக்குத் தெரியவே தெரியாது.

இதை இக்காலத்தவரின் மிகை உணர்ச்சி என்று ஒதுக்குபவர்களுக்குப் பழங்கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமரையே காட்டலாம். டிராய் போருக்குப் பின் ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஒடிஸியின் முதல் காண்டத்தில், ஃபீமியஸ் என்ற பாடகன் டிராயிலிருந்து கிரேக்கர்கள் துன்பப்பட்டுத் திரும்பிய கதையைப் பாடிக்கொண்டிருக்கும்போது, ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, உனக்கு வேறு எத்தனையோ பாடல்கள் தெரியுமே, இதை மட்டும் நிறுத்து என்று கண்ணீரோடு கேட்கிறாள். கணவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவளுக்கு அந்தப் பாடல் எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவளுடைய மகன் டெலிமாக்கஸோ, பாடகனைக் குறை சொல்லாதே, உள்ளே போய் உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிடுகிறான். பாடகன் என்ன நினைத்தான் என்று ஹோமர் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஃபீமியஸுக்கு ஒரு சொல்கூடக் கொடுக்கப்படவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

எட்டாம் காண்டத்தில் இதே நிலைமை வேறு விதமாக வருகிறது. ஃபயேசியர்களின் அரண்மனையில், இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமல் விருந்தாளியாக அமர்ந்திருக்கும் ஒடிசியஸ், பார்வையற்ற பாடகன் டெமொடோக்கஸ் டிராய் போர்க்காலச் சண்டை ஒன்றைப் பாடும்போது மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். பக்கத்தில் இருக்கும் அரசன் அல்கினூஸ் மட்டும் அதைக் கவனித்து, காரணம் எதையும் கேட்காமல், வாருங்கள் விளையாட்டுப் போட்டிக்குப் போகலாம் என்று எல்லோரையும் எழுப்பிவிடுகிறான். அன்று மாலை, கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராய் நகரைப் பிடித்த கதையைப் பாடும்படி ஒடிசியஸே கேட்கிறான். பாடியதும் மீண்டும் உடைந்துபோகிறான். நகரைக் காத்துப் போரிட்டு விழுந்த கணவனின் உடல்மேல் விழுந்து ஒரு பெண் அழ, பின்னால் நிற்கும் பகைவர்கள் ஈட்டியால் அவள் முதுகிலும் தோளிலும் அடித்து அடிமையாக இழுத்துப்போவது போல அவன் அழுதான் என்கிறார் ஹோமர். டிராய் நகரை வென்றவன், அந்த நகரத்துப் பெண்ணைப் போல அழுகிறான். இம்முறை அல்கினூஸ் வெளிப்படையாகவே, யாழை நிறுத்து, இந்தப் பாட்டு எல்லோருக்கும் ஒன்றுபோல் இன்பம் தரவில்லை என்கிறான்.

இந்தக் காட்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒருவர் தாமே கேட்டு வாங்கிய கதையும் அவரைத் தாக்கலாம். ஆகவே, விருப்பப்பட்டுத்தானே டிக்கெட் வாங்கி வந்தார்கள் என்று சொல்லிச் சொல்பவர் தப்பித்துக்கொள்ள முடியாது. மேலும், இங்கே ஆபத்தைக் கண்டுகொண்டவன் பாடகன் அல்ல, அருகில் இருந்த மற்றொருவன். டெமொடோக்கஸுக்குப் பார்வை இல்லை. நமக்கு அந்தக் காரணம் கிடையாது, ஆனால் நாமே அரங்கை இருட்டாக்கி, நம் முகத்தில் விளக்கைப் பாய்ச்சிக்கொண்டு அதே நிலையை உண்டாக்கிக்கொள்கிறோம். பார்வையாளர் பகுதியில் அரை வெளிச்சமாவது இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பது இதனால்தான். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், ஹோமரை மேடையில் ஒப்பிக்கும் அயோன் என்ற தொழில்முறைக் கலைஞன், மேடையிலிருந்து கூட்டத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதாகவும், அவர்கள் அழுதால்தான் தனக்குக் காசு என்றும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறான். கூட்டத்தைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நாடகத்தைவிடத் தனியாள் கதைசொல்லலில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. நாடகத்தில் வேடமும் ஒப்பனையும் எதிர் நடிகரும் கதைக்கும் கேட்பவருக்கும் இடையில் நிற்கின்றன. இங்கே ஓர் ஆள், அன்றாட உடையில், கேட்பவரின் கண்ணைப் பார்த்தபடி பேசுகிறார். கடத்தியவனும் கடத்தப்பட்டவளும் அதே வாயிலிருந்துதான் வருகிறார்கள். ஏதென்ஸ் நாடகாசிரியர்களுக்கு இந்த ஆற்றல் நன்றாகத் தெரிந்திருந்தது. கொலையைப் பொதுவாக மேடையில் காட்டாமல், தூதன் ஒருவனைத் தனியாக நிறுத்தி நடந்ததைச் சொல்ல வைத்தார்கள். யூரிபிடீஸின் பாக்கே நாடகத்தில், அரசன் பென்தியஸ் தன் தாய் அகாவேயின் கையால் சாவதைச் சொல்லும் தூதனின் உரையைக் கதைசொல்லி ஒவ்வொருவரும் பாடமாகப் படிக்க வேண்டும் என்பேன். மதுவின் தேவனான டயோனிசஸ் ஊசியிலை மரம் ஒன்றைத் தரைவரை வளைத்து, பென்தியஸை உச்சியில் உட்காரவைத்து, அவன் தூக்கியெறியப்படாதபடி மெல்ல மெல்ல நிமிர விடுவதைத் தூதன் அவசரமில்லாமல் சொல்கிறான். டயோனிசஸால் வெறியேறிய பெண்கள் மரத்தை வேரோடு சாய்த்ததும், தாய் தன்னை அடையாளம் காணட்டும் என்று பென்தியஸ் தலைப்பட்டையைக் கழற்றுகிறான், அவள் கன்னத்தைத் தொடுகிறான், அம்மா, நான் உன் மகன் என்கிறான். கொலையின் கொடூரத்தைத் தூதன் மறைப்பதில்லை. ஆனால் அவன் கண்டதைச் சொல்கிறானே தவிர அகாவேயாக மாறி நடிப்பதில்லை. முடிந்ததும், அவள் இங்கே வருமுன் நான் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான்.

இந்த வேறுபாடு பெர்செஃபொனி கதையைச் சொல்லும்போது மிக அவசியமாகிறது. பாதாள தேவன் ஹேடீஸ் அவளைக் காதலித்து மணந்தான் என்று மென்மையாக்கிச் சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. அவளுடைய தாய் டிமிட்டருக்கான பழைய ஹோமரியத் துதிப்பாடல் அப்படிச் சொல்லவில்லை. விருப்பமில்லாதவளைப் பொற்தேரில் ஏற்றிக்கொண்டு போனான், அவள் கதறினாள், இதற்குத் தந்தை சியூஸின் ஒப்புதல் இருந்தது என்று அது தெளிவாகவே கூறுகிறது. கடத்தலை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டு, அந்தக் கதறலைக் கேட்டவர்களிடம் பாடல் நகர்ந்துவிடுகிறது: குகையிலிருந்த ஹெகாட்டி என்ற பெண்தெய்வத்துக்குக் குரல் மட்டும் கேட்டது, சூரியனாகிய ஹீலியோஸுக்கும் கேட்டது, இறுதியில் தாய்க்கும் கேட்டது. சொல்பவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. நம்முடைய கை ஒருபோதும் ஹேடீஸின் கையாக மாறிக் காற்றில் எதையும் பற்றி இழுக்கக் கூடாது. குகைவாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

அந்தப் பாடலில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஹேடீஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரகசியமாக, தின்றவளைப் பாதாளத்துக்குத் திரும்பிவர வைக்கும் மாதுளை விதையைக் கொடுத்தான் என்று கவிஞர் முதலில் சொல்கிறார். பிறகு தாயிடம் பெர்செஃபொனி தன் வாயாலேயே சொல்லும்போது, வலுக்கட்டாயமாகத் தின்னவைத்தான் என்கிறாள். அதன்பின் புல்வெளியில் தன்னோடு பூப்பறித்துக்கொண்டிருந்த தோழிகளின் பெயர்களை, லியூகிப்பே, ஃபைனோ, எலெக்ட்ரா, ஐயாந்தே என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். பெயர்ப்பட்டியல் சலிப்பூட்டும் என்று பலர் இதை வெட்டிவிடுகிறார்கள். நான் வெட்டுவதில்லை. கொடுமையை அனுபவித்த ஒருத்தி, அதற்கு முந்தைய கணம் வரை தன் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை விடாமல் எண்ணிச் சொல்வதில் உள்ள உண்மையை, நாம் எழுதிச் சேர்க்கும் எந்த வசனமும் எட்டாது. சொல்லத் துயரமாயிருந்தாலும் இவ்வளவும் உண்மை என்று அவள் முடிக்கிறாள். இந்தப் பாடலின் ஒரே கையெழுத்துப்படி 1777இல் மாஸ்கோவில் கண்டெடுக்கப்பட்டது. அதில் தாயும் மகளும் மீண்டும் சந்திக்கும் இடத்திலேயே தாள் கிழிந்து, வரிகள் அரைகுறையாக நிற்கின்றன. அந்தச் சந்திப்பை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு கதைசொல்லியும் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் அங்கே குறைவாகவே பேசுகிறேன்.

தொடங்குமுன் கதையில் என்ன வருகிறது என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும்: ஒரு பெண் கடத்தப்படுகிறாள், தாய் தேடி அலைகிறாள், இருவரும் மீண்டும் சந்திக்கிறார்கள், எழுந்து போக நினைப்பவர்கள் எந்த நேரத்திலும் போகலாம். சுவை கெட்டுவிடும் என்று இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் தன் முதல் வரிகளிலேயே வீரர்களின் உடல்கள் நாய்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும் என்று அறிவித்துவிடுகிறது. யூரிபிடீஸின் ஒரு நாடகத்தில் காதல் தெய்வமான அஃப்ரொடைட்டி தொடக்கத்திலேயே வந்து நாயகன் ஹிப்பொலிட்டஸ் இன்று சாவான் என்கிறாள். என்ன நடக்கும் என்று தெரிந்தபின்னும் கிரேக்கர்கள் இருந்து கேட்டார்கள். கேட்கவே முடியாமல் போன சமயமும் உண்டு. கிமு 494இல் பாரசீகர்களிடம் ஏதென்ஸின் உறவு நகரமான மிலேட்டஸ் வீழ்ந்ததை ஃப்ரினிக்கஸ் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது என்றும், சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1000 டிராக்மா அபராதம் விதித்து, அந்நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்று ஏதென்ஸ் தடுத்தது என்றும் வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். தடை சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. முன்கூட்டிச் சொல்வதும், வெளியேறுபவரை மேடையிலிருந்து வேடிக்கை பார்க்காமல் இருப்பதும், கதவருகே விவரமறிந்த ஒருவரை நிறுத்திவைப்பதும், பிறகு அந்த மனிதரிடம் ஏன் போனீர்கள் என்று துருவாமல் இருப்பதும் போதும்.

பள்ளிகளில் நிலைமை வேறு. சிறுவர்களுக்குச் சொல்ல முடியாத கதையை நீர்க்கச் செய்து சொல்வதைவிட வேறு கதையைத் தேர்ந்தெடுப்பதே மேல். குரோனஸ் தன் பிள்ளைகளை விழுங்குவதும், துணியில் சுற்றிய கல்லைக் குழந்தை என்று நம்பி விழுங்கி ஏமாறுவதும் பெரியவர்களைத்தான் திடுக்கிடவைக்கின்றன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெற்ற பிள்ளைகளைக் கொன்ற மெடியா அவர்களுக்கானவள் அல்ல.

கதையை மாற்றலாமா என்று இளம் கதைசொல்லிகள் அடிக்கடி கேட்கிறார்கள். இலியட்டின் இறுதிக் காண்டத்தில், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த டிராய் அரசன் பிரியம், தன் பிள்ளைகளைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் கைகளையே முத்தமிடுகிறான். பன்னிரண்டு பிள்ளைகளை இழந்த நையோபிகூட அழுது ஓய்ந்தபின் உணவை நினைத்தாள் என்று ஒரு பழங்கதையைச் சொல்லி, அக்கிலீஸ் அந்தக் கிழவரைச் சாப்பிட வைக்கிறான். நையோபி சாப்பிட்டாள் என்ற பகுதியை ஹோமரே அந்த இடத்துக்காகச் சேர்த்திருப்பார் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் செத்ததை அக்கிலீஸ் மாற்றவில்லை. எதிரே இருக்கும் மனிதரின் தேவைக்காகக் கதையில் ஒன்றைச் சேர்க்கலாம். நடந்த கொடுமையை நடக்காததாக்குவது வேறு வேலை.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஹெக்டரின் ஈமச்சடங்கோடு கதை முடிந்த கையோடு தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து நன்றியுரை தொடங்குவதும், வரிசையாக ஆட்கள் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவதும் வழக்கமாகிவிட்டது. அழுதுகொண்டிருப்பவருக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சில நிமிடங்களாவது வேண்டும். பொன்னாடையைத் தொடக்கத்திலேயே போர்த்திவிடுங்கள். மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கதையைத் தொடங்குகிறோம்.