முதலில் தலை, பிறகு உடம்பு: பாலமீன்மடு வெளிச்சவீடு

“முதல்ல தலைதான் தெரியும் மனே. கிட்ட வரக்குள்ளதான் உடம்பு.”

பாலமீன்மடுவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் வெளிச்சவீட்டைப் பற்றி இப்படிச் சொன்னார். கடலின் மேற்பரப்பு வளைந்திருக்கிறது என்பதைத்தான் அவர் சொல்கிறார். அந்தக் கோபுரம் ஏன் அவ்வளவு உயரம் என்ற கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தருகே 1913இல் கட்டிய கோபுரம் அது. உயரம் 28 மீற்றர். ஒரு கட்டடத்தின் வடிவம் அது செய்யும் வேலையிலிருந்தே பிறக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் 1896இல் எழுதினார். 1920களில் ஐரோப்பாவில் அது பெரிய இயக்கமாயிற்று. வெளிச்சவீடு கட்டுபவர்களுக்கோ அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வேறு வழி இருக்கவில்லை. கடலுக்கும் காற்றுக்கும் பொருந்தாத வடிவம் அங்கே நிற்காது.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். கண் இருக்கும் உயரத்தை மீற்றரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறது என்பது கிடைத்துவிடும். 28 மீற்றர் உச்சிக்கு அது சுமார் 19 கிலோமீற்றர். தோணியில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு மேல் 2 மீற்றரில் இருந்தால் அவருடைய அடிவானம் 5 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 24. வானம் தெளிவாக இருந்தால் அந்தத் தூரத்தில் உச்சி கண்ணுக்குத் தட்டுப்படத் தொடங்கும். 20 கிலோமீற்றருக்கு வரும்போது அடியில் 17 மீற்றருக்கு மேல் இன்னும் கடலுக்குப் பின்னால் மறைந்திருக்கும்; 10 மீற்றர் போலத்தான் வெளியே தெரியும். பெரியவர் சொன்ன தலை அதுதான். (காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் உண்மையான தூரம் இன்னும் கொஞ்சம் கூடும்.)

அப்படியானால் இன்னும் உயர்த்திக் கட்டியிருக்கலாமே? அங்கேதான் வர்க்கமூலம் குறுக்கே நிற்கிறது. உச்சியின் அடிவானத்தை இரட்டிப்பாக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும், அதாவது 112 மீற்றர். செலவும் ஆபத்தும் எகிறிவிடும்.

அடுத்தது காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். தட்டையான சுவர் அதை நேருக்கு நேர் வாங்குகிறது. வட்டச் சுவரில் காற்று வழுக்கி இரு பக்கமும் பிரிந்து போகிறது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: வட்டத்துக்குப் பலவீனமான பக்கமே இல்லை. சூறாவளியின் கண் ஓரிடத்தைக் கடக்கும்போது, முதலில் ஒரு பக்கமிருந்து அடித்த காற்று பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் வாரிக்கொண்டு போனதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். இந்தக் கோபுரம் அதையும் பார்த்தது, 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும் பார்த்தது.

அடி அகன்று மேலே போகப் போக ஒடுங்குவதும் அழகுக்காக அல்ல. கல்லும் கொங்கிறீட்டும் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உச்சியில் காற்று தள்ளும்போது கோபுரம் முழுவதும் ஒரு நெம்புகோல் போலாகி, காற்று வரும் பக்கத்து அடிச்சுவரைப் பிளக்கப் பார்க்கும். அங்கே கோபுரத்தின் சொந்தப் பாரம் கீழ்நோக்கி அழுத்துவதால் விரிசல் விழுவதில்லை. அடி அகலமாக இருந்தால் அந்தப் பாரத்தின் பிடி இன்னும் உறுதியாகிறது.

சரி, வெளிச்சம்? விளக்கைச் சும்மா உயரத்தில் ஏற்றிவைத்தால் பாதி ஒளி வானத்துக்குப் போகும், மீதியில் பெரும்பகுதி தரையில் விழும். அதைக் கடல்மட்டத்துக்குச் சமாந்தரமாகத் திருப்ப மிகப் பெரிய கண்ணாடி வில்லை (லென்ஸ்) வேண்டும், அதன் பாரத்தை எந்தக் கோபுரத்தின் தலையிலும் வைக்க முடியாது. பிரான்ஸின் ஒகுஸ்தின் பிரெனெல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒளி வளைவது கண்ணாடியின் மேற்பரப்பில்தான். நடுவிலுள்ள தடிப்பு வெறும் சுமை. அந்தத் தடிப்பை வெட்டி எறிந்துவிட்டு, சரிவுகளை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். 1823இல் அது பிரான்ஸின் கோர்துவான் வெளிச்சவீட்டில் ஏறியது. பிறகு உலகத்துக் கரைகளுக்கெல்லாம் பரவியது.

பகலில் விளக்குக்கு வேலையில்லை. அப்போது நிறம் பேசுகிறது. கண்டல் மரங்களின் கரும்பச்சைக்கு முன்னால் வெள்ளைக் கோபுரம் தனித்துத் தெரியும். முகத்துவாரத்து மணல்திட்டு ஒவ்வொரு மாரிக்கும் உருமாறும். வெள்ளம் வந்தால் ஆற்றுவாய் திறக்கும், கோடையில் மண் மூடும். மாறாமல் நிற்பது கோபுரம் ஒன்றுதான் என்பதால் அதை வைத்தே தோணிக்காரர் வழியைக் கணிக்கிறார். வெளிச்சவீட்டை எந்தத் தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு கரைக்கு வர வேண்டும் என்று கேட்டேன். வலையை விட்டு எழுந்து, கடலுக்கு முதுகு காட்டி நின்று, பெரியவர் தன் வலத்தோளைத் தட்டிக் காட்டினார்.