இறப்புச் சான்றிதழில் இருப்பவர் உங்கள் முன்னோர்தானா?

குடிவழி ஆய்வுக்காக என்னிடம் வருபவர்கள் இணையத்திலிருந்து இறக்கிய குடும்ப மரத்தை மேசையில் விரிக்கும்போது, நான் முதலில் ஐயப்படுவது அதிலுள்ள இறப்புத் தேதிகளைத்தான். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புச் சான்றிதழிலோ, இறந்தவர் யாருடைய பிள்ளை, எந்த ஊரில் பிறந்தவர் என்று எழுதுவதற்குக் கட்டமே கிடையாது. பெண் என்றால் தொழிலுக்கான இடத்தில் ‘இன்னாருடைய மனைவி’ என்றோ ‘இன்னாருடைய கைம்பெண்’ என்றோ குறித்திருப்பார்கள். ஆணுக்கு அந்தத் துணையும் இல்லை. (ஸ்காட்லாந்து இதில் தாராளம்: அங்கே 1855இல் பதிவுமுறை தொடங்கியபோதே இறந்தவரின் பெற்றோர் பெயரையும் கேட்டு எழுதினார்கள்.) எனவே பெயர் ஒத்துப்போகிறது, வயதும் ஏறத்தாழச் சரியாக இருக்கிறது என்ற அளவில் ஒருவர் ஓர் இறப்பைத் தம் மரத்தில் ஒட்டிவிடுகிறார், அதைப் பார்த்து இன்னும் பலர் படியெடுக்கிறார்கள். பல மரங்களில் காணப்படுகிறது என்பது அந்தத் தேதிக்கு எந்த வலுவையும் சேர்ப்பதில்லை.

ஆகவே இறப்பைத் தேடும் வேலையை, பதிவான இறப்புகளின் பெயர் அட்டவணையில் பெயரைத் தட்டுவதிலிருந்து தொடங்க வேண்டாம் என்று சொல்வேன். அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்பதற்கான கடைசிச் சான்று எது, அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் முதல் சான்று எது என்ற இரண்டையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் முதுகெலும்பு. 1861இல் ஏப்ரல் 7ஆம் நாளும், 1871இல் ஏப்ரல் 2ஆம் நாளும், 1881இல் ஏப்ரல் 3ஆம் நாளும் கணக்கெடுப்பு நாள்களாக இருந்தன. ஒன்றில் குடும்பத் தலைவராக இருப்பவர் அடுத்ததில் இல்லாமல், மனைவி கைம்பெண் என்று குறிக்கப்பட்டிருந்தால் பத்தாண்டு இடைவெளி கிடைக்கிறது. கடைசிக் குழந்தையின் பிறப்பு, பிள்ளைகளின் திருமணம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு அந்த இடைவெளியைப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருக்கிவிடலாம். மகளின் திருமணச் சான்றிதழில் தந்தை பெயருக்கு அருகே ‘காலமானவர்’ என்று இருந்தால் அதை ஓரளவு நம்பலாம். அப்படி எழுதப்படவில்லை என்பதற்காக அவர் அன்று உயிரோடு இருந்தார் என்று கொள்ளக் கூடாது, ஏனென்றால் அதை எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை.

‘கைம்பெண்’ என்ற குறிப்பையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. 1858க்கு முன்பு முழுமையான மணவிலக்குப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதன்பின் நீதிமன்றம் வந்தாலும் அது லண்டனில் மட்டுமே இருந்தது, கூலித் தொழிலாளியின் மனைவிக்கு அந்தச் செலவு எட்டாக்கனி. கணவன் விட்டுப் போய்விட்டான் என்று கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்வதைவிடக் கணவன் இறந்துவிட்டான் என்று சொல்வது அக்கம்பக்கத்தில் மானத்தைக் காத்தது. ஏழாண்டு காலம் கணவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாத பெண் மறுமணம் செய்தால் அவளை இருதார மணக் குற்றத்துக்காகத் தண்டிக்க முடியாது என்று 1861ஆம் ஆண்டுச் சட்டமே விலக்களித்திருந்தது. ஆகவே கைம்பெண் என்று பதிவான மனைவியின் கணவர் இன்னொரு மாவட்டத்தில் இன்னொரு குடும்பத்தோடு அடுத்த கணக்கெடுப்பில் தென்படுவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வியப்பளிப்பதில்லை.

இப்போது அட்டவணைக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியும் குடிமைப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒன்றாக, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் காலாண்டுகளாகத் தொகுக்கப்பட்டது; அதில் கணக்கில் வருவது பதிவான நாள், இறந்த நாள் அல்ல. டிசம்பர் 29 அன்று இறந்தவர் ஜனவரியில் பதிவானால் மறு ஆண்டின் மார்ச் காலாண்டில்தான் இருப்பார். பழைய அட்டவணையில் 1866க்கு முன்பு வயது அச்சிடப்படவில்லை; அதனால் அந்தக் காலத்து இறப்புகளில் நான்கு வயதுக் குழந்தையின் இறப்பு நாற்பது வயதுக்காரர் தலையில் சுமத்தப்பட்டிருப்பதை இன்றும் காண்கிறோம். தலைமைப் பதிவு அலுவலகம் 2016இல் வெளியிட்ட புதிய இணைய அட்டவணையில் 1837 முதலே வயது உண்டு, இது பெரிய வரம். ஆனாலும் சில மாதக் குழந்தையின் வயது அதில் ஆண்டுக் கணக்காக ஏறியிருப்பதுண்டு என்பதால் இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெயரின் எழுத்தும் நிலையானதன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாயால் சொன்னதைப் பதிவாளர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார். ‘ஹாரிஸ்’ என்ற பெயரை ‘ஆரிஸ்’ என்று உச்சரிக்கும் லண்டன் நாக்கு, அகரவரிசையில் அவரை வேறு பக்கத்துக்கே தள்ளிவிடும்.

சான்றிதழின் நகல் கைக்கு வந்ததும் பலரும் இறப்புக்கான காரணத்தைத்தான் ஆவலோடு படிக்கிறார்கள். நானோ நேராகத் தகவல் தந்தவர் கட்டத்துக்குப் போவேன். அங்கே தகவல் தந்தவரின் கையொப்பம் அல்லது எழுதத் தெரியாதவர் இட்ட பெருக்கல் குறி, ‘இறக்கும்போது உடனிருந்தவர்’ போன்ற குறிப்பு, அவருடைய முகவரி ஆகியவை இருக்கும். தகவல் தந்தவர் மணமான மகளாக இருந்து, அவளுடைய கணவனின் குடும்பப் பெயரும் தெருவும் அடுத்த கணக்கெடுப்பில் அப்படியே கிடைத்தால், அடையாளம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அதே இடத்தில் ஏழையர் விடுதியின் மேற்பார்வையாளர் கையொப்பமிட்டிருந்தால், வயது, தொழில் எல்லாமே விடுதியில் சேர்த்தபோது யாரோ சொன்ன தோராயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வயது அறுபது, எழுபது என்று முழு எண்ணாக இருந்தால் எனக்கு ஐயம் கூடும். 1874ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1875 முதல் மருத்துவரின் சான்று தேவைப்பட்டதால் காரணக் கட்டம் துல்லியமாயிற்றே தவிர, இறந்தவர் யார் என்பதற்குப் பொறுப்பு முன்போலவே தகவல் தந்தவரிடமே இருந்தது.

வீட்டுக்கு வெளியே இறந்தவர்களைத் தேடுவது தனி வேலை. ஆற்றிலோ தெருவிலோ கிடந்த உடல் மரண விசாரணைக்குப் போகும். பெயர் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று, அட்டவணையில் கடைசி எழுத்துக்கும் பின்னால், காலாண்டின் இறுதிப் பக்கத்தில் வரிசைப்படுத்தினார்கள். விசாரணைக் கோப்புகள் பல இடங்களில் அழிக்கப்பட்டுவிட்டதால், உடலின் உடை, பையிலிருந்த பொருள்கள், சாட்சிகளின் கூற்று ஆகியவற்றுக்கு உள்ளூர்ச் செய்தித்தாள்தான் கதி. ஏழையர் விடுதியில் இறந்து யாரும் உரிமை கோராத உடலை 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டப்படி மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்க முடிந்தது. அப்படிப்பட்டவரின் அடக்கம் சில வாரங்கள் கழித்து, வேறொரு கல்லறைத் தோட்டத்தில் பதிவாகியிருக்கும். உயில்களுக்கு 1858 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் ஒரே ஆண்டுப் பட்டியல் உண்டு என்றாலும், சொத்தில்லாத எளியவர்களை அதில் எதிர்பார்க்க முடியாது.

இங்கிலாந்தில் எங்கும் சிக்காதவர் அங்கே இறக்கவே இல்லை என்ற வாய்ப்பு இருக்கிறது. நான் கையாண்ட ஒரு குடும்பத்தில், 1861 கணக்கெடுப்பில் உல்விச் நகரில் தனியே பிள்ளைகளோடு இருந்த மனைவி ‘பீரங்கிப் படை வீரரின் மனைவி’ என்றும், 1871இல் கைம்பெண் என்றும் பதிவாகியிருந்தார். இணைய மரங்கள் எல்லாம் அருகிலிருந்த பதிவு மாவட்டத்தில் இறந்த, அதே பெயருடைய ஒருவரைக் கணவராகக் காட்டின. அந்தச் சான்றிதழை வரவழைத்துப் பார்த்தபோது தொழில் செருப்புத் தைப்பவர், தகவல் தந்த மனைவியின் பெயரும் வேறு. நாங்கள் தேடியவர் கிடைத்தது பறங்கிமலையில்: சென்னை மாகாண அடக்கப் பதிவேட்டின் ஒற்றை வரியில் பெயர், வயது, படைப்பிரிவு, காலரா என்ற காரணம், இறந்த நாள், மறுநாளே அடக்கம், பாதிரியாரின் கையொப்பம். பெயர் பொருந்திவிட்டது என்று அதோடு நிறுத்தவில்லை. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவின் ஆள்வரிசைப் பதிவேட்டைப் பார்த்து, இறந்தவரின் பிறந்த ஊரும் படையில் சேருமுன் செய்த தொழிலும் அவருடைய திருமணச் சான்றிதழோடும் முந்தைய கணக்கெடுப்போடும் ஒத்துப்போன பிறகே மரத்தில் எழுதினோம்.

இந்தியாவில் நிகழ்ந்த இறப்புகள் இங்கிலாந்தின் பொது அட்டவணையில் வராது. ஒவ்வொரு பாளையத்துப் (படை தங்கிய குடியிருப்பு) பாதிரியாரும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் விவரத்தை மாகாணத் தலைநகருக்கு அனுப்ப, அதன் படி லண்டனுக்குப் போயிற்று. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில், வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று வரிசைகளாக உள்ளன. சென்னை வரிசை 1698இல் தொடங்குகிறது. பெங்களூரு, செகந்திராபாத் போன்ற பாளையங்களும் அதற்குள் அடக்கம். இலங்கை 1802 முதல் தனி அரசுக் குடியேற்றமாக இருந்ததால் அங்கே இறந்த தோட்டத் துரைமாரை இந்த வரிசையில் தேடிப் பயனில்லை. கத்தோலிக்கர்களின் விவரங்கள் லண்டனுக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. பிரிட்டிஷ் படையில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளமாக இருந்ததால் இது சிறிய ஓட்டை அன்று. அத்தகைய முன்னோருக்கு, அவர் இருந்த பாளையத்தின் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்திலுள்ள மூலப் பதிவேட்டைத்தான் நாட வேண்டியிருக்கும். அங்கே கடிதம் எழுதும்போது படைப்பிரிவின் பெயரையும், மேலே சொன்ன இரு சான்றுகளால் சுருக்கிய ஆண்டுகளையும், குடும்பப் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். பதிவேடுகளைப் புரட்டித் தருபவர் பெரும்பாலும் வேறு வேலைகளுக்கு நடுவே அதைச் செய்கிற ஆலய அலுவலர். பதில் வரும்வரை மரத்தில் ‘1861 ஏப்ரலுக்கும் 1871 ஏப்ரலுக்கும் இடையில்’ என்று எழுதிவைத்தால் போதும்.