ஈரத்தில் மட்டும் மின்னும் கடப்பா கல்

எங்கள் சமையலறைத் தரை கடப்பா கல். ஈரத்துணியால் துடைத்ததும் கருகருவென்று மின்னும். மின்விசிறியைப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் சாம்பல் பூத்துவிடும். அழுக்கு என்றே பல ஆண்டுகள் நம்பினோம். சோப்புத்தூள், எலுமிச்சைத் தோல், கடைசியில் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வரை போட்டுத் தேய்த்தோம். ஒவ்வொரு வைத்தியமும் நோயை வளர்த்தது.

நனைந்தால் மின்னி, காய்ந்தால் மங்குவதிலேயே விடை இருக்கிறது. அழுக்காக இருந்தால் நனைந்தாலும் அழுக்காகத்தானே தெரிய வேண்டும்?

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. நன்றாக மெருகேற்றிய கல்லின் மேடுபள்ளங்கள் இதைவிட மிகச் சிறியவை. அதனால் சாய்ந்து விழும் ஒளி சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். பரப்பு சொரசொரப்பானால் ஒளி நாலா பக்கமும் தெறிக்கிறது. அந்த வெளுத்த ஒளி கல்லின் கறுப்பைப் போர்த்தி மூடிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் பள்ளங்கள் நிரம்பி மேற்பரப்பு சமமாகிறது. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, நீருக்கு 1.33, கல்லில் உள்ள கால்சைட் என்ற கனிமத்துக்குச் சுமார் 1.6. கல்லை ஒட்டியிருப்பது காற்றாக இல்லாமல் நீராக இருந்தால் இந்த வித்தியாசம் குறைகிறது, சிதறலும் குறைகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக் கறுப்பாக்கும் பழக்கமும் இதே வித்தைதான். எண்ணெய் ஆவியாகாது என்பதால் பளபளப்பு சில நாள் நிற்கும். தூசியும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

சரி, சொரசொரப்பு எங்கிருந்து வந்தது? பாதிப் பழி மணலுக்கு. எது எதைக் கீறும் என்று காட்டும் மோவின் கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட்டுக்கு 3, மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. செருப்போடு உள்ளே வரும் ஒவ்வொரு மணலும் ஒரு சிறு உளி.

மீதிப் பழி புளிக்கு. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தது இந்தத் தரையில்தான். புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைத்த கையோடு கல்லையும் கரைத்திருக்கிறது. ஐயம் இருந்தால் ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் குனிந்து பாருங்கள். சொட்டின் விளிம்பில் பொடிப்பொடியாகக் குமிழிகள் எழும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. துடைத்தால் காசு அளவில் ஒரு வெளுத்த வட்டம். அது கறை அன்று, பள்ளம். எந்தச் சோப்பும் பள்ளத்தைப் போக்காது.

ஆகவே அரைக்கத்தான் வேண்டும். வைரத்தூள் பதித்த வட்டுகளை இயந்திரத்தில் மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்ப்பார்கள். சேதத்தைப் பொறுத்து 50 அல்லது 100ஆம் எண்ணில் தொடங்கி 200, 400, 800, 1500, 3000 என்று ஏறும். எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். ஒவ்வொரு வட்டும் முந்தைய வட்டு போட்ட கீறலைத்தான் அழிக்கிறது. வேலையைச் சீக்கிரம் முடிக்க 200இலிருந்து 1500க்குத் தாவினால், பழைய கீறல்களின் மேல் மினுக்கு ஏறும். ஜன்னல் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அத்தனையும் காட்டிக்கொடுக்கும். எண் மாறும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

அடுத்தது சீலர், அதாவது கல்லில் பூசும் காப்புத் திரவம். இதைப் பூசினால் பளபளப்பு வரும் என்று கடைக்காரர் சொல்வார்; கல்லுக்குள் இறங்கும் வகை சீலருக்கு அந்த வேலையே இல்லை. கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரி போல திரவத்தை உறிஞ்சும். துளைச் சுவர்களை நீர் ஒட்டாதபடி மாற்றுவதே சீலரின் தொழில். சிலிக்கான் சேர்ந்த சிலேன் வகை சீலர்கள் கருங்கல், மணற்கல் போன்ற சிலிக்கா மிகுந்த கற்களைத்தான் நன்றாகப் பற்றும். சுண்ணாம்புக்கல்லில் அந்தப் பிடிப்பு குறைவு. தவிர, சமையலறையில் உண்மையான எதிரி எண்ணெய். அதன் பரப்பு இழுவிசை நீரினுடையதில் பாதிகூட இல்லை என்பதால் நீரை விரட்டும் பரப்பிலும் அது பரவி உள்ளே நுழையும். அதற்கு ஃப்ளோரின் சேர்ந்த வகை வேண்டும்.

பூசுவதற்கு முன் எண்ணெய்க் கறைகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை உள்ளேயே சிறைப்பட்டுவிடும். சமையல் சோடாவை நீரில் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டு, பிறகு திறந்து காயவிட்டால் எண்ணெய் மெல்ல மேலே ஏறும். கல் உறிஞ்சியதை மாவு உறிஞ்சுகிறது. தரை ஓரிரு நாள் முழுதாகக் காய்ந்த பின்பே சீலர். துளையில் நீர் இருந்தால் அதற்கு இடம் ஏது? தடவிய சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். பிறகு எப்போது மறுபடி பூசுவது என்பதற்கு நாள்காட்டி வேண்டாம். ஒரு சொட்டு நீர் பத்து நிமிடத்தில் கல்லைக் கறுக்க வைத்தால் நேரம் வந்துவிட்டது.

அமிலத்தைச் சீலர் தடுக்காது. துளைக்குள் போகாமலேயே அது மேற்பரப்பை அரிக்கும். அதனால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு இப்போது கொல்லைப்புறத் துவைக்கும் கல்லுக்குப் போய்விட்டது. அது கருங்கல், புளி அதை ஒன்றும் செய்யாது.