நன்றாக இருக்கும்போதே குடலைப் பார்த்துவிடுங்கள்

"மூலம்தான் டாக்டர், களிம்பு போட்டா அடங்கிடும்" என்று இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். வயது 53. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கிய பிறகுதான் வந்தார். மூலம் இருந்தது உண்மைதான். அதற்கு மேலே பெருங்குடலில் கட்டியும் இருந்தது, கல்லீரல் வரை பரவியும் விட்டது. இந்தச் செய்தியை இன்னும் எத்தனை குடும்பங்களிடம் சொல்லப் போகிறேனோ!

பெருங்குடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றால் உடனே வரும் பதில்: "எனக்குத்தான் எந்தத் தொந்தரவும் இல்லையே?" ஐயா, தொந்தரவு இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனையே! பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்னும் சின்னச் சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடமாவது ஆகும். அத்தனை வருடமும் வலிக்காது, பசி குறையாது, மலம் எப்போதும்போலப் போகும். வலப்பக்கக் குடல் அகலமானது; அங்கே கட்டியே வளர்ந்தாலும் சீக்கிரம் அடைக்காது. உடம்பு சொல்லட்டும் என்று காத்திருந்தால், அது சொல்லும்போது பலருக்கு நேரம் கடந்திருக்கும்.

ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோபி. அதில் பாலிப் திரையில் தெரிந்ததும், மெல்லிய கம்பிச் சுருக்கை அதன் அடியில் மாட்டி, இறுக்கி, அங்கேயே வெட்டி எடுத்து பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறோம். நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். வரவிருந்த புற்றுநோயை வராமலே தடுக்கும் வாய்ப்பு எல்லா உறுப்புகளுக்கும் கிடைப்பதில்லை.

இளவயதினரிடமும் இந்நோய் கூடுவதால், அமெரிக்காவில் 2021-ல் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆக்கினார்கள். கொலோனோஸ்கோபி சுத்தமாக இருந்தால் அடுத்தது பத்து வருடம் கழித்துத்தான். பயமாக இருந்தால், வருடம் ஒருமுறை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ஃபிட் பரிசோதனையாவது செய்யுங்கள். அதில் பாசிட்டிவ் வந்தால் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று அதையே திரும்பச் செய்யாதீர்கள். கொலோனோஸ்கோபிதான் அடுத்த படி. கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்ன பாலிப் கண்ணில் படாது. ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் ரத்தசோகை வந்தாலோ வயதுக் கணக்கே வேண்டாம், உடனே வாருங்கள். மூலம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஒருவருக்கு வந்திருந்தால் உங்களுக்கு 40 வயதிலேயே தொடங்க வேண்டும்; அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முந்துகிறதோ அப்போது. அதனால் உங்களுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தால், தயவுசெய்து அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடம் மறைக்காதீர்கள்.