ஆர்ட்ஸ் காலேஜில் ஓவியம் சொல்லித் தருவார்களா?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு பழைய மாணவர்களின் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக டிராயிங் மாஸ்டராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் சந்தோஷமாக வந்து, "சார், நீங்க சொன்ன மாதிரியே பையனை ஆர்ட்ஸ் காலேஜ்ல சேர்த்துட்டேன்" என்றார். நான் சொன்னது ஓவியக் கல்லூரியை. அவர் சேர்த்திருந்தது பி.ஏ. பொருளாதாரத்தில். அங்கே படம் வரையவும் சொல்லித் தருவார்கள் என்று நம்பியே பணம் கட்டியிருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லை நாம் புழங்கும் விதம் அப்படி. பஜாரில் 'ஆர்ட்ஸ்' என்று பெயர்ப்பலகை இருந்தால் அது போர்டு எழுதும் கடை. சீரியல்காரர்கள் 'ஆர்ட்டிஸ்ட்' என்றால் நடிகர். பள்ளி ஆண்டு விழாவில் 'கலை நிகழ்ச்சி' என்றால் பெரும்பாலும் நடனம். ஆனால் 'ஆர்ட்ஸ் காலேஜ்' என்றால் இன்ஜினியரிங், மெடிக்கல் இல்லாத கல்லூரி, அவ்வளவுதான். பி.எஸ்ஸி. வேதியியல் படிப்பவரும் ஆர்ட்ஸ் காலேஜில்தான் படிக்கிறார்.

இந்தக் குழப்பம் இன்று வந்ததல்ல. ஆர்ட் என்ற சொல்லுக்கு வேரான லத்தீன் சொல்லுக்குத் திறமை, தேர்ச்சி என்றுதான் பொருள். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொற்பொழிவு, கணக்கு, வடிவியல், இசை, வானியல் ஆகிய 7 பாடங்களைத்தான் ஆர்ட்ஸ் என்றார்கள். பி.ஏ.வில் உள்ள 'ஏ' அந்த வழியில் வந்தது. அதைத்தான் நாம் இளங்கலை என்கிறோம். நம்முடைய கலை என்ற சொல்லும் அகலமானதுதான். ஆய கலைகள் 64 என்று பழைய நூல்கள் தரும் பட்டியலில் சமையலும் உண்டு, பூத்தொடுப்பதும் உண்டு, தச்சுவேலையும் உண்டு. துறைக்குரிய சொல்லைக் கலைச்சொல் என்கிறோமே, அங்கே கலை என்றால் அறிவுத்துறை. எனக்கு இந்த அகலம் மிகவும் பிடிக்கும். ஆனால் விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில் அது ஒரு பிள்ளையின் வருடங்களைத் தின்றுவிடுகிறது.

சரி, வரையத் தெரிந்த பிள்ளைக்கு எந்தச் சொல்லைத் தேட வேண்டும்? நுண்கலை, அல்லது கவின்கலை. பட்டத்தின் பெயர் பி.எஃப்.ஏ., அதாவது பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், நான்கு ஆண்டுப் படிப்பு. சென்னையில் 1850இல் தொடங்கிய பழைய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. கல்லிலும் மரத்திலும் ஆர்வம் என்றால் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, துணி வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு, விளம்பர வடிவமைப்பு வரை நுண்கலையில் பிரிவுகள் உண்டு. "படம் போட்டா சோறு கிடைக்குமா" என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தப் பிரிவுகளைத்தான் சொல்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. வரலாறு படிக்க ஆசைப்பட்ட ஒரு மாணவியை, "ஆர்ட்ஸா? உனக்குக் கோடே நேரா வராதே" என்று வீட்டில் சிரித்திருக்கிறார்கள். பி.ஏ. வரலாற்றுக்குக் கோடு நேராக வர வேண்டியதே இல்லை என்று நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த லாரி ஓட்டுநரின் மகன் பொருளாதாரத்திலேயே பட்டம் வாங்கினான். கட்டிய பணத்தை விட்டுவிட்டு மறுபடி தொடங்க அந்த வீட்டுக்கு வசதி இல்லை. அதனால் இப்போதெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, பி.எஃப்.ஏ. என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். நுண்கலைச் சேர்க்கைக்கு மதிப்பெண் மட்டும் போதாது, வரைந்து காட்ட வேண்டும். அப்புறம், பிள்ளை வரைந்ததைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தேதி எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள்.