இருபதாயிரத்தோட பிளாக்ஜாக் மேசையில உக்காந்தா போண்டியாக எவ்ளோ சான்ஸ்? ஒரு டாக்ஸ் ஆபீஸ் கணக்கு

மே சீசன் முடிஞ்சு டூரிஸ்ட் கூட்டம் கீழ இறங்கினதும் அடுத்து நம்மாளுங்க இறங்குவாங்க. கோயம்புத்தூர்ல ஃபிளைட் புடிச்சோ, எட்டு பத்து பேரா சேர்ந்து டெம்போ டிராவலர் பேசியோ நேரா கோவா. ஹோம்ஸ்டே வச்சிருக்கறவங்க, டாக்ஸி ஓட்டறவங்க, கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை போடற சிறு விவசாயிங்க, கேத்தி பாலாடா கேரட் பார்ட்டிங்கன்னு குன்னூர்ல என் ஆபீஸுக்கு ரிட்டர்ன் போட வர்றவங்கள்ல இந்த டூர் போகாத குரூப்பே கம்மி. மாண்டோவி ஆத்துல நிக்கற கப்பல் கேசினோவுல ஒரு நைட்டு கண்டிப்பா உண்டு. அங்க அது சட்டப்படி நடக்கறது, நான் போகாதீங்கன்னு சொல்ற ஆளும் இல்ல. ஆனா போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, "மேடம், இருபதாயிரம் தனியா எடுத்து வச்சிருக்கேன், ஆயிரம் ஆயிரமா நாலு மணி நேரம் ஆடப்போறேன், எவ்ளோ போகும்?"

இந்தக் கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு, எல்லாரும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிட்டு கிளம்பிடறாங்க, வினை அங்கதான் ஆரம்பிக்குது.

முதல் கேள்வி, சராசரியா எவ்ளோ போகும். இது சுலபம். பிளாக்ஜாக்ங்கறது 21ஐத் தாண்டாம டீலரவிட மேல வரணும்ங்கற சீட்டாட்டம், அதுல எப்ப கார்டு வாங்கணும், எப்ப நிக்கணும், எப்ப டபுள் பண்ணணும்னு (பெட்ட ரெண்டு மடங்காக்கி ஒரே ஒரு கார்டு வாங்கறது) ஒரு அட்டவணையே இருக்கு. 1956லயே அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேர் டெஸ்க் கால்குலேட்டர வச்சே ஏறக்குறைய முழுசா போட்டு பேப்பரா வெளியிட்டுட்டாங்க (சும்மா இருந்த நேரத்துல செஞ்ச வேலை, எங்க ஆபீஸ்ல யாரும் அப்படி செய்யறதா தெரியல). அந்த அட்டவணைப்படி பிசகாம ஆடினா ஓரளவு நல்ல ரூல்ஸ் இருக்கற மேசையில கேசினோவோட பங்கு சுமார் அரை சதவீதம்தான். அட்டவணை தெரியாம மனசுக்குத் தோணினபடி ஆடற நம்மாளுக்கு சுமார் 2 சதவீதம்னு வச்சுக்கலாம். மணிக்கு 70 ரவுண்டுன்னா நாலு மணி நேரத்துல 280 ரவுண்டு, ஆயிரம் ரூபா பெட்டுன்னா மேசை மேல மொத்தம் 2,80,000 ரூபா உருளுது. கையில இருந்தது இருபதாயிரம், உருண்டது ரெண்டு லட்சத்து எண்பதாயிரம், இத முதல்ல கவனிங்க. அதுல 2 சதவீதம் 5,600. இத சொன்னதும் முகம் மலர்ந்துடும், "அவ்ளோதானா மேடம், ஒரு நல்ல டின்னர் செலவு".

ரெண்டாவது கேள்விய யாரும் கேக்கறதில்ல. அந்த நாலு மணி நேரம் முடியறதுக்குள்ள இருபதாயிரமும் மொத்தமா போய், வேடிக்கை பாக்கற ஆளா நிக்கறதுக்கு எவ்ளோ சான்ஸ்? அதுக்கு பதில் நூத்துக்கு 40. அட்டவணைய மனப்பாடம் பண்ணிட்டு போனாலும் 32. சராசரியா 5,600க்கு மேல போகாதுங்கறதும் உண்மை, பத்துல நாலு பேர் போண்டி ஆவாங்கங்கறதும் உண்மை, ரெண்டும் ஒரே மேசையிலதான் நடக்குது. ஏன்னா சின்ன செஷன்ல ஆளைக் கவுக்கறது கேசினோவோட பங்கு இல்ல, ஏத்த இறக்கம். கேரட் போடறவங்களுக்கு இத வெளக்கவே வேணாம், வருஷ சராசரிய பாத்தா மேட்டுப்பாளையம் மண்டி ரேட்டு பரவாயில்லன்னுதான் வரும், ஆனா ரேட்டு படுத்த அந்த ரெண்டு வாரத்துல கையில காசு தீந்துட்டா அடுத்த போகத்துக்கு விதை வாங்க முடியாது, சராசரி வந்து விதை வாங்கித் தராது.

சரி, அந்த 40 எப்படி வந்துச்சுன்னு பாப்போம், கால்குலேட்டர்ல ஒரு வர்க்கமூலம் போடத் தெரிஞ்சா போதும். பிளாக்ஜாக்ல ஒரு ரவுண்டோட ஏத்த இறக்கம் சுமார் 1.15 பெட்டு (சாதா ஜெயிப்பு தோல்வி ஒண்ணுக்கு ஒண்ணு, ஆனா டபுள், ஒரே மாதிரி ரெண்டு கார்ட ரெண்டு கையா பிரிச்சு ஆடற ஸ்பிளிட், முதல் ரெண்டு கார்டுலயே 21 வர்ற பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்குன்னு வர்றதால ஒண்ணுக்கு கொஞ்சம் மேல). ரவுண்டு எண்ணிக்கையோட வர்க்கமூலத்த எடுத்து 1.15ஆல பெருக்குங்க. 280க்கு வர்க்கமூலம் 16.7, பெருக்கினா ஏறக்குறைய 19 பெட்டு. நாலு மணி நேர ஆட்டத்துல மேலயும் கீழயும் 19 பெட்டு ஆடறது சர்வ சாதாரணம்னு அர்த்தம், அதிசயம் ஒண்ணும் இல்ல. உங்க கையில இருக்கறதே 20 பெட்டு.

இப்ப கையில இருக்கற பெட்ட அந்த 19ஆல வகுங்க. வர்றது அரைன்னா போண்டியாக நூத்துக்கு 60 ஒட்டி, ஒண்ணுன்னா 32, ஒன்றரைன்னா 13, ரெண்டுன்னா 5. இது கேசினோ பங்க கணக்குல சேக்காத ரேட்டு, அட்டவணை தெரியாதவங்க இதுக்கு மேல இன்னும் கொஞ்சம் கூட்டிக்கணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கடைசியில எங்க முடியுதுன்னு மட்டும் பாத்தா பாதிதான் வரும். நாலு மணி நேர முடிவுல 20 பெட்டோ அதுக்கு மேலயோ தோத்திருக்கறவங்க ஒரு பங்குன்னா, நடுவுல 20 பெட்டு தோத்துட்டு அப்புறம் ஆடியிருந்தா மேல ஏறியிருக்கக்கூடியவங்க இன்னொரு பங்கு. ஆனா அவங்க கையிலதான் சிப்ஸே (காசுக்குப் பதிலா மேசையில வைக்கற வில்லை) இல்லையே, எங்க ஏறறது. அதனால முடிவுக் கணக்கை ரெண்டால பெருக்கினா ஏறக்குறைய சரியா வந்துடும். எக்ஸெல் தெரிஞ்ச பசங்ககூட இந்த ரெண்டை மறந்துட்டு "அக்கா எனக்கு 17 சதவீதம்தான் வருது"ன்னு வருவாங்க.

யூடியூப் பாத்து கார்டு எண்ண (வெளிய வந்த கார்ட வச்சு மிச்சம் என்ன இருக்குன்னு கணிக்க) கத்துக்கிட்ட தம்பிங்களுக்கு தனியா ஒண்ணு. எண்ணி ஆடி 1 சதவீதம் உங்க பக்கமே சாதகம் வந்துடுச்சுன்னு வைங்க, அது லேசுப்பட்ட காரியம் இல்ல, அப்பவும் அதே 20 பெட்டு, 280 ரவுண்டுல போண்டியாக நூத்துக்கு 25. மூளை இருந்தாலும் முட்டுக்கு காசு வேணும்.

அப்ப என்னதான் மாத்தலாம்? மாத்தக்கூடியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பெட்டு சைஸ். அதே இருபதாயிரத்த 2,000 ரூபா பெட்டா ஆடினா கையில பத்து பெட்டுதான், நாலு மணி நேரத்துல போண்டி நூத்துக்கு 69. 500 ரூபா பெட்டுன்னா 40 பெட்டு, நூத்துக்கு 7. பணம் ஒண்ணுதான், 69க்கும் 7க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் முழுக்க நீங்க எந்த மேசையில போய் உக்காந்தீங்கங்கறதுதான். பெரும்பாலும் என்ன ஆகுதுன்னா மினிமம் கம்மியான மேசையில எடம் இருக்காது, பத்து நிமிஷம் நிக்கப் பொறுமை இல்லாம பக்கத்து பெரிய மேசையில உக்காந்துடறாங்க.

இன்னொண்ணு நேரம். ஆயிரம் ரூபா மேசைதான் இருக்குன்னா நாலு மணி நேரத்த ரெண்டாக்குங்க, 40ங்கறது 19 ஆயிடும். ஒரு மணி நேரத்தோட எந்திரிச்சா வெறும் 5. நேரம் பாதியாகும்போது ரிஸ்க் பாதிக்கும் கீழ இறங்குது பாருங்க, இதுதான் இந்தக் கணக்குல எனக்கு ரொம்ப புடிச்ச எடம். ஆள் நெறைஞ்ச மேசையில ரவுண்டு மெதுவா போகும், அதுவும் உங்களுக்கு நல்லதுதான். தனியா ஒத்த ஆளா டீலர் முன்னாடி உக்காந்தா மணிக்கு 200 ரவுண்டுகூட போகும், ஒண்ணரை மணி நேரத்துலயே அந்த நாலு மணி நேரத்த ஆடி முடிச்சிருப்பீங்க.

மேசையில எழுதியிருக்கறதையும் படிங்க. பிளாக்ஜாக் வந்தா 3க்கு 2 தர்ற மேசையா 6க்கு 5 தர்ற மேசையான்னு துணி மேலயே அச்சடிச்சிருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு 1,500 வர வேண்டிய எடத்துல 1,200 வரும், கேசினோ பங்கு இதுலயே இன்னும் சுமார் 1.4 சதவீதம் ஏறிடும். அப்புறம் கடைசி சிப்ஸ் சமாச்சாரம். கையில ஒரே ஒரு ஆயிரம் சிப் மிச்சம், அத வச்சாச்சு, உங்களுக்கு 11 வருது, டீலர் 6ஐ காட்டிட்டு நிக்கறாரு. பிளாக்ஜாக்லயே டபுள் பண்ண இதவிட நல்ல நேரம் கெடைக்காது, ஆனா டபுளுக்கு வைக்க சிப் இல்ல. அதனால கடைசி ரெண்டு மூணு பெட்ட ஆடற பெட்டா எண்ணாதீங்க.

தோத்தா டபுள், மறுபடி தோத்தா மறுபடி டபுள்னு ஆடற முறைய இன்னும் "சிஸ்டம்"னு சொல்லிட்டு திரியறாங்க. ஆயிரத்துல ஆரம்பிச்சு ஆறு தடவ தொடர்ந்து தோத்தா 63,000 போயிருக்கும், ஏழாவதுக்கு 64,000 வைக்கணும், ஆயிரம் ரூபா ஜெயிக்கறதுக்கு. ஆறு தொடர்ந்து எங்க வரப்போகுதுங்கறீங்களா? டிரா ஆகறத தள்ளிட்டு எண்ணினா 200 ரவுண்டுல ஒரு தடவையாவது அது வர்றதுக்கு நூத்துக்கு 80க்கு மேல சான்ஸ். இருபதாயிரக்காரருக்கு ஆறெல்லாம் வேண்டாம், நாலுலயே 15,000 காலி, அஞ்சாவது வைக்க காசு இல்ல.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒண்ணு. கேசினோவுல சிப்ஸ் வாங்கற தொகைக்கு ஜிஎஸ்டி உண்டு, 2023 அக்டோபர் 1லேர்ந்து 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22லேர்ந்து 40. அந்த வரிய யார் தலையில கட்டறாங்க, பேக்கேஜ்ல எப்படி போடறாங்கங்கறது எடத்துக்கு எடம் மாறும், கவுண்டர்லயே கேட்டுக்கோங்க. முழுசும் உங்க தலையிலன்னா இருபதாயிரம் குடுத்தா கைக்கு வர்ற சிப்ஸ் 14,286தான். ஆக நீங்க 20 பெட்டுக்காரர் இல்ல, 14 பெட்டுக்காரர், நூத்துக்கு 40ன்னு சொன்னது 57 ஆயிடுச்சு, இன்னும் ஒரு கார்டுகூட போடல.

இதுவரைக்கும் போட்ட கணக்கெல்லாம் இருபதாயிரம்னா இருபதாயிரம்தான்னு நம்பிப் போட்டது. பேங்க் ஸ்டேட்மென்ட் பாக்கறவங்களுக்குத்தான் தெரியும் அது எப்பவும் இருபதாயிரம் இல்லன்னு. ஒரு இலை விவசாயி (ஊரு, விவரமெல்லாம் மாத்திதான் எழுதறேன்), சாயங்காலம் ஏடிஎம்ல 20,000, ராத்திரி பன்னெண்டே முக்காலுக்கு இன்னொரு 10,000, ஒண்ணரைக்கு மச்சான்கிட்டேர்ந்து ஜிபேல 15,000 வரவு, அஞ்சு நிமிஷத்துல அது வெளிய, மூணு மணிக்கு நகைக்கடன் வாங்கி வச்சிருந்த கணக்குலேர்ந்து 25,000. அவரு என்கிட்ட "இருபதாயிரம் தோத்தேன் மேடம்"னுதான் சொன்னாரு, பொய் சொல்லணும்னு இல்ல, அவரு மனசுல அது இருபதாயிரமாவே நின்னுருச்சு. கூட வந்த வீட்டுக்காரம்மா ஸ்டேட்மென்ட்ட வாங்கிப் பாத்துட்டு "அக்கா, இந்த மூணு மணி எது?"ன்னு கேட்டாங்க. ரீஃபில் பண்ற ஆளுக்கு நான் மேல சொன்ன 40, 19, 5 எதுவும் பொருந்தாது, அவருக்கு போண்டிங்கறது மேசையில நடக்காது, மலைக்குத் திரும்பி வந்தப்புறம் நடக்கும். அதனால போகும்போதே ஏடிஎம் கார்ட ரூம்லயோ வீட்டுலயோ விட்டுட்டு, யுபிஐ லிமிட்ட ஆப்ல கொறைச்சுட்டு போங்க, ரெண்டு நிமிஷ வேலை. அதையும் மீறி கை போகுதுன்னா 14416க்கு ஃபோன் பண்ணுங்க, டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

கோவா எதுக்கு, ஃபோன்லயே ஆடிக்கலாமேன்னு கேக்கற பசங்களுக்கு: பணம் வச்சு ஆடற ஆன்லைன் கேமுக்கு 2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்க தடைச் சட்டம் வந்தாச்சு. இன்னும் ஓடற வெளிநாட்டு ஆப்ல பணம் மாட்டிக்கிட்டா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கடைசியா ஜெயிச்சவங்களுக்கு, அவங்களும் உண்டுல்ல. சீட்டாட்டத்துல ஜெயிச்சதுக்கு வரி நேரா 30 சதவீதம், செஸ் சேத்து 31.2, உங்க மத்த வருமானம் லிமிட்டுக்குள்ள இருந்தாலும் இதுக்கு அந்த சலுகை கிடையாது. ஒரே தடவையில 10,000க்கு மேலன்னா டிடிஎஸ் (குடுக்கும்போதே கழிக்கற வரி) புடிச்சுட்டுத்தான் குடுக்கணும். நேத்து தோத்தத இன்னைக்கு ஜெயிச்சதுல கழிக்க விடமாட்டாங்க, ஃபிளைட் டிக்கெட், ரூம் வாடகை எதையும் செலவா காட்ட முடியாது, நானும் காட்ட மாட்டேன், கேக்காதீங்க. புடிச்ச டிடிஎஸ் உங்க பேன் நம்பர்ல 26ஏஎஸ்ங்கற வரித்துறை ஸ்டேட்மென்ட்ல தானா வந்து நிக்கும், அதனால "அது ஃப்ரெண்டு ஜெயிச்சது"ன்னு கதை வேணாம், பேப்பர எடுத்துட்டு வாங்க, ஜூலை கடைசி வாரம் வரைக்கும் இழுக்காம.