வைட்டமின் மாத்திரை யாருக்குத் தேவை, எப்போது தேவை?

உடம்புக்கு வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டிய வைட்டமின்கள் 13. இவற்றை உடம்பு கேட்பது மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவில்தான். பலவகை உணவு சாப்பிட்டு, செரிமானமும் சீராக இருக்கிற ஒருவருக்கு ஏறக்குறைய எல்லாமே சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். அப்படிப்பட்டவர் தினம் ஒரு மல்டிவைட்டமின் போட்டுக்கொண்டால் புற்றுநோயோ மாரடைப்போ வராமல் தடுக்கலாம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் ஆய்வுகளை அலசிவிட்டு இதைத்தான் அறிவித்தது.

ஆனால் மாத்திரையோ ஊசியோ இல்லாமல் சமாளிக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். கவலை தருவது என்னவென்றால், தேவையில்லாதவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். தேவைப்படுகிற பலருக்குத் தங்களுக்குத் தேவை என்பதே தெரிவதில்லை. இரண்டு தரப்பையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. வைட்டமின் தட்டிலிருந்து கிளம்பி செல்லுக்குள் போய்ச் சேரும்வரை உள்ள பாதையில் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். சாப்பிட்டும் குடல் உறிஞ்சாமல் போகலாம். வேறொரு மருந்து குறுக்கே நிற்கலாம். அல்லது உடம்பின் தேவை திடீரென்று கூடியிருக்கலாம். எங்கும் அறுபடவில்லை என்றால் மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

பி12: பாதை நீளம், அறுபடும் இடங்களும் அதிகம்

இதை நன்றாகப் புரிந்துகொள்ள பி12 வைட்டமினைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் பி12 புரதத்தோடு பிணைந்திருக்கிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சின் நொதியும் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிந்ததும் உமிழ்நீரோடு வந்த ஹாப்டோகாரின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் கணையத்தின் நொதிகள் அந்தப் புரதத்தைச் சிதைக்கின்றன. அப்போதுதான் இரைப்பைச் சுவர் சுரந்த இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற இன்னொரு புரதம் பி12-ஐ ஏற்றுக்கொள்ளும். இந்த ஜோடி சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியம் வரை பயணம் செய்து, அங்கே இருக்கும் ஏற்பிகள் வழியாக உள்ளே போகிறது.

இதில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் குறைபாடுதான். முழுத் தாவர உணவுக்காரர்களுக்கு முதல் படியிலேயே சரக்கு இல்லை. ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறது என்று நம்புபவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12, உடம்பு அதைப் பயன்படுத்த முடியாது. வயது கூடும்போது சிலருக்கு இரைப்பைச் சவ்வு மெலிந்து அமிலம் குறைகிறது. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் அதே கதி. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் நீண்டகாலப் பயன்பாட்டில் பி12 உறிஞ்சுதலைக் குறைக்கிறது. பெர்னீசியஸ் அனீமியாவில் உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலமே இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் அதைச் சுரக்கும் செல்களையும் தாக்குகிறது. இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கியவர்கள், இலியத்தை இழந்தவர்கள் பட்டியலும் இதோடு சேரும்.

எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்து மருந்தின் அளவு தலைகீழாக மாறும். ஒரு பெரியவருக்கு நாளுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். இரைப்பை அமிலம் மட்டும் குறைந்தவருக்குச் சிறு அளவு மாத்திரையே போதும். மாத்திரையில் உள்ள பி12 எந்தப் புரதத்தோடும் பிணைந்திருப்பதில்லை, பிரிக்க அமிலம் வேண்டியதில்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் பி12-ஐ முக்கியமாகச் செறிவூட்டிய உணவு அல்லது மாத்திரை வழியாகப் பெறலாம் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1998-இல் பரிந்துரைத்ததன் காரணம் இதுவே.

இன்ட்ரின்சிக் ஃபேக்டரே இல்லாதவரின் நிலை வேறு. இலியத்தின் ஏற்பிகள் ஒரு வேளையில் சுமார் 2 மைக்ரோகிராம்தான் எடுத்துக்கொள்ளும். அந்த வழி இவருக்கு மூடிவிட்டது. மிஞ்சியிருப்பது குடல் சுவர் வழியாகத் தானாகக் கசிந்து போகும் பாதை. அதில் விழுங்கியதில் ஏறக்குறைய 1 சதவீதம் மட்டுமே உள்ளே போகும். சாதாரண மல்டிவைட்டமினில் 5 மைக்ரோகிராம் இருந்தால் இவருக்குக் கிடைப்பது 0.05. அதனால் ஒரு பயனும் இல்லை. 1000 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் 10 மைக்ரோகிராம் கிடைக்கிறது, தேவைக்குப் போதும். கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் போன்ற நரம்பு அறிகுறிகள் ஏற்கெனவே வந்துவிட்டால் ஊசியில்தான் தொடங்குவார்கள். அங்கே காத்திருக்க நேரமில்லை.

இன்னொரு விஷயம், காலம். பெரியவர்களின் உடம்பில் 2 முதல் 5 மில்லிகிராம் பி12 சேமிப்பில் இருக்கும், அதில் பெரும்பகுதி கல்லீரலில். தேவையோ மிகச் சிறிது. அதனால் வரத்து நின்று பல ஆண்டுகள் வரை எதுவுமே தெரியாது. 'மூன்று வருடமாக இப்படித்தான் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது சேமிப்பு தீரவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. பி12 குறைவான தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் கிடையாது. தாய்ப்பாலில் வருவதும் குறைவு என்பதால் சில மாதங்களிலேயே வளர்ச்சி பின்னடையத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. பி12 குறைந்தால் ரத்த செல்கள் உருவாவது தடைப்பட்டு ரத்தசோகை வருகிறது. அதிக அளவு ஃபோலிக் அமிலம் (பி9 வைட்டமின்) கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், டி.என்.ஏ. உருவாக்கத்துக்கு அது மாற்றுவழி திறந்துவிடுகிறது. ஆனால் நரம்புகளின் மயலின் உறைக்கு அந்த மாற்றுவழி உதவாது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்க, நரம்புச் சேதம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்கும். பெரியவர்களுக்கு ஃபோலிக் அமிலத்தின் மேல்வரம்பு நாளுக்கு 1000 மைக்ரோகிராம் என்று வைத்ததற்கு முதன்மைக் காரணம் இந்த ஆபத்து. ரத்தசோகை என்றதும் பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிடக் கூடாது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பி12 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு எனக் கொள்வார்கள். 200-க்கும் 300-க்கும் இடையில் ஊசலாடினால் மீதைல்மலோனிக் அமிலப் பரிசோதனை குழப்பத்தைத் தீர்க்கும்.

தேவை கூடும் நேரங்கள்

அதே ஃபோலிக் அமிலம், கருத்தரிக்க இருப்பவர்களுக்குத் தவிர்க்கவே கூடாத மாத்திரை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, பரிசோதித்து, மருத்துவரிடம் போவதற்குள் அந்தக் கட்டம் முடிந்திருக்கும். அதனால்தான் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை தொடரச் சொல்கிறார்கள். முந்தைய கர்ப்பத்தில் நரம்புக் குழல் குறைபாடு இருந்தவர்களுக்கு அளவு பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம். 1991-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், இந்த அளவு எடுத்த பெண்களுக்குக் குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. இத்தனை தெளிவான பலன் தந்த வைட்டமின் ஆய்வுகள் குறைவு. 4 மில்லிகிராம் வேண்டும் என்பதற்காக மல்டிவைட்டமினைப் பத்து மாத்திரையாக விழுங்கக் கூடாது. அதோடு வைட்டமின் ஏ-யும் பத்து மடங்காகிவிடும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் நாளுக்கு 10,000 ஐ.யு.-வுக்கு (சர்வதேச அலகு) மேல் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ எடுப்பது சிசுவுக்கு உறுப்புக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும்.

பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடுவதும் இதே தர்க்கம்தான். நஞ்சுக்கொடி வழியாக கே அதிகம் கடப்பதில்லை, தாய்ப்பாலிலும் குறைவு. ரத்தம் உறையாமல் மூளைக்குள் கசிவதை ஒரே ஊசி தடுத்துவிடுகிறது.

வைட்டமின் டி: அளவில்தான் தவறு நடக்கிறது

தோலில் இருக்கும் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் மீது சூரியனின் புற ஊதா-பி கதிர் படும்போது வைட்டமின் டி உருவாகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு மாற்றங்கள் நடந்தால்தான் அது வேலைக்கு ஆகும். சன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்வதில் பயனில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும் நேரத்திலும் அந்தக் கதிர் தரைக்கு வருவது மிகக் குறைவு. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். நாள் முழுதும் கட்டடத்துக்குள் இருப்பவர்கள், உடல் முழுக்க மூடி உடுத்துபவர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு மாத்திரை நியாயமான தேவை. சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்களுக்குச் சாதாரண டி மட்டும் கொடுத்தால் கடைசி மாற்றம் நடக்காது. செயலுருவான கால்சிட்ரியால் தேவைப்படலாம்.

பெரியவர்களின் அன்றாடத் தேவை 600 ஐ.யு., 70 வயதுக்கு மேல் 800. மருத்துவர் சொல்லாமல் தாண்டக் கூடாத மேல்வரம்பு 4000. ஒரு மைக்ரோகிராம் 40 ஐ.யு. என்பதை நினைவில் வைத்தால் எந்த லேபிளையும் படித்துவிடலாம். வெயில் எவ்வளவு பட்டாலும் டி நஞ்சாவதில்லை. தோலில் மிஞ்சுவதை அதே வெயில் செயலற்ற வேறு சேர்மங்களாக மாற்றிவிடும். மாத்திரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குறைபாட்டைச் சரிசெய்ய வாரம் ஒருமுறை எனக் கொடுக்கும் 50,000, 60,000 ஐ.யு. மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்கள் வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் என்று வந்து சேர்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் திணறுகிறது. கொழுப்பில் தங்கும் வைட்டமின் என்பதால் மாத்திரையை நிறுத்தியும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் பாதிப்பு நீடிக்கும். சீட்டில் எழுதிய 'வாரம்' என்ற சொல்லையும் எத்தனை வாரம் என்பதையும் மருந்தை வாங்கும்போதே உரக்கக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலிருந்தே தினம் 400 ஐ.யு. டி சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பொதுவாக 80 ஐ.யு.கூட இருப்பதில்லை. இங்கேயும் அளவுச் சிக்கல் உண்டு. சில மருந்துகளில் 400 ஐ.யு. என்பது 1 மில்லிலிட்டர். சிலவற்றில் ஒரே ஒரு சொட்டு. ஒன்றின் துளிக்குழாயை எடுத்து இன்னொன்றில் விட்டால் குழந்தைக்குப் பல மடங்கு போய்விடும்.

மருந்துகளும் மதுவும்

காசநோய்க்கான ஐசோனியசிட் பி6-ஐத் தீர்த்துவிடும். கைகால் எரிச்சல் வராமலிருக்க, பாதிப்பு வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு நாளுக்கு 10 முதல் 25 மில்லிகிராம் பி6 சேர்த்துத் தருகிறார்கள். வலிப்புக்கான ஃபெனிடாய்ன் வைட்டமின் டி சிதைவதை வேகப்படுத்தும். கொழுப்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட், கூடவே ஏ, டி, ஈ, கே நான்கையும் வெளியே தள்ளிவிடும். மல்டிவைட்டமினை அதிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலத்தைப் பெரும்பாலும் வேறு நாளில் கொடுப்பார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டு மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்து.

பி1 எனும் தயமினுக்குச் சேமிப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். அதிகம் குடிப்பவர்கள், கர்ப்பத்தில் இடைவிடாது வாந்தி எடுப்பவர்கள், எடை குறைப்பு அறுவை செய்தவர்கள் ஆகியோருக்கு அது சட்டென்று தீர்ந்துவிடும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அதனால்தான் தயமினை முன்பாகவோ கூடவோ கொடுக்கிறார்கள்.

அதிகமானால் என்ன?

'மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்' என்ற நம்பிக்கை பாதிதான் சரி. வைட்டமின் சி-க்கு அது பெரும்பாலும் பொருந்தும்: 200 மில்லிகிராம் வரை குடல் ஏறக்குறைய முழுதாக எடுத்துக்கொள்ளும், 1 கிராமுக்கு மேல் பாதிகூட ஏறாது. பி6-க்குப் பொருந்தாது. நரம்புக்கு நல்லது என்று அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதே நரம்புகள் கெட்டு, பாதம் மரத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பி6-இன் மேல்வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. மரத்துப்போன காலுக்குத் தானாகவே பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிச் சாப்பிடுபவர்கள் அட்டையில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தாக வேண்டும்.

புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. பாதுகாப்பு தரும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. காய்கறியில் இருக்கும் கரோட்டினுக்கு இந்த எச்சரிக்கை இல்லை.

சாப்பிடும் முறையும் முக்கியம். ஏ, டி, ஈ, கே நான்கையும் கொழுப்புள்ள உணவோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. தைராய்டுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுபவர்கள், இரும்புச்சத்தோ கால்சியமோ சேர்ந்த மல்டிவைட்டமினை நான்கு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கே உள்ள மாத்திரையைச் சொல்லாமல் தொடங்குவதும் நிறுத்துவதும் ஆபத்து. வைட்டமின் டி சிகிச்சைக்குப் பிறகு அளவைச் சரிபார்க்க மூன்று மாதமாவது விட வேண்டும். அதற்குள் ரத்த அளவு நிலைபெறாது.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். தேவை நாளுக்கு 30 மைக்ரோகிராம். அந்த மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே பிணைப்புப் பொருளாகப் பயன்படுத்துவதால் முடிவுகள் பிறழ்கின்றன. தைராய்டு அளவு மிகைச் சுரப்பு போலத் தெரியும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். நெஞ்சுவலியோடு அவசரச் சிகிச்சைக்குப் போனால் நிறுத்த அவகாசம் இருக்காது. பயோட்டின் சாப்பிடுவதை முதல் ரத்த மாதிரி எடுக்கும்போதே சொல்லியாக வேண்டும்.